ட்ரைபாடில் வைத்தும் படம் ஏன் கலங்குகிறது?

வணக்கம் ஐயா. 70–300 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறேன். உள்ளேயே ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) உண்டு, ‘4 ஸ்டாப்’ என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் மாட்டி, கையில் பிடித்து 1/30 விநாடியில் எடுத்தால் கோபுரச் சிற்பம் பளிச்சென்று வருகிறது. அதே வேகத்தில் பறக்கும் கொக்கை எடுத்தால் இறக்கை கலங்கல். ட்ரைபாடில் வைத்து அரை விநாடி எடுத்தால் சிற்பமே கலங்குகிறது. லென்ஸில் கோளாறா? பாடியிலேயே ஸ்டெபிலைசர் உள்ள கேமராவுக்கு மாறிவிடட்டுமா?
ம.

அன்புள்ள ம.,

கோளாறு இல்லை. ஸ்டெபிலைசருக்குத் தெரிந்தது உங்கள் கை மட்டும்தான், கொக்கை அது பார்ப்பதே இல்லை. லென்ஸ் மேலும் கீழும் எவ்வளவு திரும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு என்பதை ஜைரோக்கள் (திரும்புவதை உணரும் சிறு கருவிகள்) அளக்கும். அதை ஈடுகட்டுமாறு உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதியைச் சின்ன மோட்டார் நகர்த்தும். கையில் பிடித்து எடுக்க 300 மி.மீ.க்கு 1/300 விநாடி வேண்டும் என்பது பழைய கணக்கு. ஒரு ஸ்டாப் என்பது அந்த நேரத்தை இரட்டிப்பாக்குவது. 4 ஸ்டாப் என்றால் ஏறத்தாழ 1/20 வரை கை நடுக்கம் தெரியாது, அவ்வளவே. இறக்கை உறைந்து நிற்க 1/1000, 1/2000 என்று போக வேண்டும். அதற்கு ஐ.எஸ்.ஓ.வை (ஒளிக்கான உணர்திறனை) ஏற்றத்தான் வேண்டும்.

ட்ரைபாட் சங்கதி வேறு. ஜைரோ சும்மா இருக்கும்போதும் அதன் அளவீடு கொஞ்சம் பிசிறடிக்கும், மெல்ல நழுவும். கை நடுங்கும்போது இந்தப் பிசிறு அதில் அமுங்கிப்போகும். ட்ரைபாடில் நடுக்கமே இல்லாததால் பிசிறையே நடுக்கம் என்று நம்பிக் கண்ணாடி நகர்ந்துகொண்டிருக்கும். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடி ஸ்டெபிலைசர் ஸ்விட்சை ஆன் செய்து பாருங்கள். படம் மெதுவாக மிதந்தால் அதுதான் காரணம். ட்ரைபாடை உணர்ந்துகொள்ளும் வசதி கேனனின் பெரிய டெலி லென்ஸ்களில் 1999-இலேயே வந்துவிட்டது, ஆனால் எல்லா லென்ஸிலும் அது கிடையாது. ஸ்விட்சை அணைத்துவிட்டு 2 விநாடி டைமரில் எடுங்கள். மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) என்றால் அணைக்க வேண்டாம்.

இனி, பாடி மாற்றுவது. கேனன் 1995-இல் 75–300 மி.மீ. லென்ஸில் ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்தபோது கேமராவில் இருந்தது ஃபிலிம். அதை நகர்த்த முடியாது, அதனால் கண்ணாடியை நகர்த்தினார்கள். ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பதியும் சென்சார் வந்த பிறகுதான் இன்னொரு வழி திறந்தது: 2003-இல் மினோல்டாவின் டிமாஜ் ஏ1 சென்சாரையே அசைத்தது. 2012-இல் ஒலிம்பஸ் ஈ-எம்5 ஐந்து அச்சுக்குப் போனது, அதாவது மேல்கீழ், பக்கவாட்டுத் திரும்பல்கள், அதே திசைகளில் நகர்வுகள், தன் அச்சில் சுழற்சி என ஐந்து அசைவுகளை ஈடுகட்டியது. கேமரா தன் அச்சிலேயே சுழன்று படம் சாய்வதைச் சரிசெய்வது சென்சாரால்தான் முடியும், கண்ணாடியால் ஆகாது. அந்த வகையில் பாடி ஸ்டெபிலைசர் நல்ல சரக்குதான்.

ஆனால் உங்கள் லென்ஸுக்கு? கேமரா அரை டிகிரி திரும்பினால் 24 மி.மீ. லென்ஸில் பிம்பம் 0.2 மி.மீ. நகரும், 300 மி.மீ.யில் 2.6 மி.மீ. சென்சார் அவ்வளவு தூரம் ஓடுவது கஷ்டம். ஆகவே 300 மி.மீ.க்காக மட்டும் பாடி மாற்றுவது வீண் செலவு என்பேன். ஸ்டெபிலைசர் இல்லாத 35, 50, 85 மி.மீ. பிரைம்கள் (ஜூம் ஆகாத லென்ஸ்கள்) நிறைய இருந்தால் மாறலாம்.

மாறினால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய மேனுவல் லென்ஸை அடாப்டரில் மாட்டும்போது அதன் ஃபோகல் லெங்த்தை மெனுவில் நாம்தான் கொடுக்க வேண்டும். 135 என்று கிடப்பதை மறந்து 50 மி.மீ. மாட்டினால், தேவையானதைப் போல 2.7 மடங்கு சென்சார் நகரும். அதற்கு ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு எடுப்பதே மேல்.