எண் போடும் வேலைக்கு சிவில் எதற்கு?

வணக்கம் சார். "நாலு வருஷம் சிவில் படிக்க வைத்தது, ஓஎம்ஆரில் உட்கார்ந்து சுவருக்கும் ஜன்னலுக்கும் நம்பர் போடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. உங்கள் மகனுக்கு வந்திருப்பது பிம் வேலை: கட்டடத்தைக் கணினியில் மாடலாக அமைத்து, அதன் ஒவ்வொரு பகுதிக்கும் இன்ன வகை என்று குறியீட்டு எண் போடுவது. ஆனால் நம்பரில் இருப்பது உங்கள் தொழில்தான்.

எஸ்டிமேட் போடும்போது மண்வேலை, கான்கிரீட், செங்கல் வேலை, பூச்சு என்று பிரிக்கிறீர்கள் அல்லவா? நம்மூரில் அளவெடுக்க ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அமெரிக்க வேலைகளுக்கு மாஸ்டர்ஃபார்மேட் என்ற குறியீட்டு முறை: 2004இல் 16 பிரிவுகள் 50 ஆக விரிந்தன. 03 கான்கிரீட், 04 கட்டுவேலை, 08 கதவு ஜன்னல். பிரிட்டிஷ் வேலை என்றால் யூனிக்ளாஸ் என்ற முறை. அதில் கட்டட உறுப்புக்கு ஓர் அட்டவணை, பொருளுக்கு இன்னொன்று. வெளிச்சுவர் என்பது உறுப்பு. அதில் போகும் செங்கல் பொருள். வடிவமைப்பின் தொடக்கத்தில் சுவர் வேண்டும் என்பது மட்டும் தெரியும், எந்தக் கல் என்பது பிறகுதான் முடிவாகும். அதனால்தான் இரண்டும் தனித்தனி.

இங்கேதான் படிப்பு வேலை செய்கிறது. லிண்டல், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் விட்டம், செங்கல் சுவருக்குள்தான் கிடக்கிறது, ஆனால் கணக்கு கான்கிரீட்டில். சைட் பார்க்காத பையன் அதையும் சுவரோடு சேர்த்துவிடுவான். மாடலிலிருந்து அளவு எடுக்கும்போது செங்கல் கூடும், கான்கிரீட் குறையும். சாஃப்ட்வேர் ஒன்றும் சொல்லாது, அது பாட்டுக்குக் கூட்டிக் கொடுக்கும்.

எனவே சேருவதற்கு முன் தம்பி ஒன்று கேட்கட்டும்: எந்தக் குறியீட்டைப் போடுவது என்று அவனே தீர்மானிப்பானா, யாரோ கொடுத்த பட்டியலைப் பார்த்து ஒட்டுவானா? இரண்டாவது என்றால் உங்கள் பயம் நியாயமே. ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம் இருக்கலாம். முதலாவது என்றால் குவான்டிட்டி சர்வே (பொருள், வேலை அளவைக் கணக்கிடுவது), எஸ்டிமேஷன் பக்கம் நகர நல்ல வழி.

பிம் சான்றிதழ் வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். யூனிக்ளாஸ் அட்டவணைகள் இணையத்தில் இலவசம். ஏதாவது ஒரு சின்ன வீட்டின் வரைபடத்தை எடுத்து, அடித்தளம் முதல் பாரபெட் வரை அவனே குறியீடு போட்டுப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் சைட்டுக்கும் கூட்டிப் போங்கள், வரமாட்டேன் என்றாலும்.

அப்புறம், ஆஃபர் லெட்டரில் பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடக் கூடாது என்ற ஒப்பந்தம்) ஏதாவது இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள்.