இந்தியா, பிரேசில் வேளாண் கரியமில வாயு உமிழ்வை ஆண்டுவாரியாக எப்படி ஒப்பிடுவது?

கரியமில வாயுவின் ஆண்டுவாரித் தரவை மட்டும் எடுத்தால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். எங்கள் கடலூர் மாவட்டத்தையே பாருங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் ஏரித் தண்ணீர் தேங்கி நிற்கும் நெல்வயல் வெளியிடுவது மீத்தேன். யூரியா போட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு. கரும்புக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு மின்சாரம் வேண்டுமே, அதற்காக நெய்வேலியில் நிலக்கரி எரிகிறது. ஆனால் தேசியக் கணக்கில் அந்தப் புகை எரிசக்தித் துறையில் சேரும், வேளாண்மையில் வராது.

பிரேசிலில் மேய்ச்சலுக்காகக் காடழிப்பதால் வரும் கரியமில வாயு 'நிலப் பயன்பாட்டு மாற்றம்' என்ற தனித் தலைப்பில் போகிறது. அதை விட்டுவிட்டு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

எல்லா வாயுக்களையும், அவை புவியைச் சூடாக்கும் அளவை வைத்து, கரியமில வாயுச் சமானமாக மாற்றுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் பெருக்கெண் (ஒரு டன் மீத்தேன், நூறாண்டில் சூடாக்கும் அளவில், எத்தனை டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்ற எண்) 1995 அறிக்கையில் 21, 2007-இல் 25, 2013-இல் 28. வெவ்வேறு பெருக்கெண்ணில் போட்ட பழைய, புதிய தரவுகளை ஒட்டினால், மாடும் வயலும் கூடாமலே உமிழ்வு கூடியதாகத் தெரியும். முழுத் தொடருக்கும் ஒரே பெருக்கெண் வையுங்கள்.

தலைக்கு எவ்வளவு என்ற கணக்கும் போடுங்கள், இந்திய மக்கள்தொகை பிரேசிலைப்போல் ஆறு மடங்குக்கு மேல்.