ஜெயித்த பிறகும் அரசு அப்பீல் போகலாமா?

கேள்வி: என் கணவர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வசூல் கணக்கில் 4,200 ரூபாய் குறைகிறது என்று 17(பி) மெமோ (பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை) கொடுத்து, விசாரணை நடத்தி, டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். விசாரணை அறிக்கையின் நகலைக்கூடத் தரவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போட்டு ஜெயித்தோம். எட்டு வாரத்துக்குள் வேலை கொடுக்கச் சொல்லி உத்தரவு. கெடு முடிந்துவிட்டது. ஆபீஸில் கேட்டால், 'அப்பீலுக்குக் கருத்துரு போயிருக்கிறது' என்கிறார்கள். தண்டனை கொடுத்தவர்களே அப்பீல் போக முடியுமா? அது ஊழியருக்கான உரிமை இல்லையா?

– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: போக முடியும், சகோதரி. விவகாரம் துறைக்குள் இருக்கும் வரை நீங்கள் சொல்வது சரிதான். ஒழுங்கு நடவடிக்கை விதிகள் மேல்முறையீட்டு உரிமையைத் தண்டிக்கப்பட்டவருக்குத்தான் தருகின்றன. ஆனால் வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டால் அரசும் ஒரு கட்சிக்காரர். தனி நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து, லெட்டர்ஸ் பேட்டன்ட் (உயர் நீதிமன்றத்தை அமைத்த பழைய சாசனம்) 15-ஆவது பிரிவின்படி இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் அப்பீல் போடலாம். அதற்கு 30 நாள் கெடு. அங்கும் தோற்றால் உச்ச நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 136-ஆவது பிரிவின்படி சிறப்பு அனுமதி மனு, 90 நாளுக்குள்.

உங்கள் மனதில் இருக்கும் கேள்வி பிலிப்பைன்ஸ் நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கும் வந்தது. ஒழுங்கு நடவடிக்கை வழக்கில் ஊழியர் விடுவிக்கப்பட்டால் அதோடு முடிந்தது, அரசுத் தரப்பு அப்பீல் போக முடியாது என்றுதான் அங்கே பல தீர்ப்புகள் இருந்தன. பள்ளி நிர்வாகி ஒருவர் தன் இரண்டு மகன்களும் தன் கீழேயே வேலை பார்க்க இடம்கொடுத்த வழக்கில், 1999-இல் அந்த நிலையை மாற்றினார்கள். குடிமைப் பணி ஆணையமும் அப்பீல் போகலாம் என்று தீர்ப்பானது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. பொதுப்பணத்தைச் சுரண்டிய ஒருவர் தவறான தீர்ப்பால் தப்பினால், அதைத் திருத்த ஒரு வழி இருந்தாக வேண்டும்.

என் வருத்தம் வேறு. அதிகாரிகள் கோப்பைப் படித்துப் பார்த்து அப்பீல் போவதில்லை. 'அப்பீல் போகாமல் விட்டால் நாளைக்கு ஆடிட்டில் நம்மைக் கேட்பார்கள்' என்ற பயத்தில் போகிறார்கள். அதற்குள் இந்தக் குடும்பம் எத்தனை மாதம் சம்பளமில்லாமல் ஓடும் என்பது எந்தக் கருத்துருவிலும் எழுதப்படுவதில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. அப்பீல் போட்டாலே தீர்ப்பு நின்றுவிடாது, கோர்ட் ஸ்டே கொடுத்தால்தான் நிற்கும். கருத்துரு போயிருக்கிறது என்பது அப்பீல்கூட இல்லை. எனவே உங்கள் கணவர் தீர்ப்பு நகலை இணைத்து, பணியில் சேர வந்திருப்பதாக எழுதி, நேரிலும் கொடுத்து ஒப்புகை வாங்கட்டும். பதிவுத் தபாலிலும் அனுப்பட்டும். பதில் இல்லையென்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு. அதை உத்தரவு மீறப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். 'அப்பீல் முடியட்டும்' என்று காத்திருந்து இந்த ஓராண்டைத் தவறவிடுபவர்கள் நிறைய. கூடவே கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே கோர்ட்டில் தரும் மனு) போட்டு வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வக்கீலுக்குத் தெரியாமல் ஸ்டே வாங்குவது கடினமாகும். அது 90 நாள்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

30 நாள் தாண்டி வந்தால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போடுவார்கள். அதை எதிர்த்துக் கட்டாயம் பதில் மனு போடுங்கள். 427 நாள் தாமதமாக வந்த தபால் துறையின் வழக்கை 2012-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கோப்பு மேசைக்கு மேசை போனது என்பது போதிய காரணமில்லை, காலவரம்பு அரசையும் கட்டுப்படுத்தும் என்றது.

அப்பீலில் அரசு எதைச் சொல்லும்? அறிக்கையின் நகல் தராதது தவறுதான், ஆனால் அதனால் அவருக்கு என்ன பாதிப்பு என்று கேட்கும். 1993-இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னதும் இதுதான்: நகல் தருவது கட்டாயம், ஆனால் தராததாலேயே தண்டனை தானாக ரத்தாகாது, பாதிப்பு இருந்ததா என்று கோர்ட் பார்க்க வேண்டும். அதனால் அறிக்கை முன்பே கையில் கிடைத்திருந்தால் உங்கள் கணவர் எந்தப் பத்தியை மறுத்திருப்பார், எந்த ரசீதைக் காட்டியிருப்பார் என்று உட்கார்ந்து எழுதி வையுங்கள். வழக்கு அதில்தான் நிற்கும். தொகை சின்னது என்ற வாதத்தை நம்பாதீர்கள். கையாடல் என்று நிரூபணமானால் தொகையின் அளவை உச்ச நீதிமன்றம் பொருட்படுத்துவதில்லை.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அப்பீல் தள்ளுபடியானாலும், நகல் கொடுக்க வேண்டிய கட்டத்திலிருந்து விசாரணையைத் தொடர அனுமதி கொடுக்கலாம். அப்போது அவரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்துத் தொடர்வார்கள். அது தோல்வி இல்லை. பிழைப்பூதியம் (அந்தக் காலத்துக்குத் தரும் உதவித்தொகை) வரும், பதில் சொல்ல வாய்ப்பும் கிடைக்கும்.

கேள்வி: நான் மத்திய அரசு ஊழியர். எனக்குக் கொடுத்த கட்டாய ஓய்வை மேல்முறையீட்டு அதிகாரி ஊதிய உயர்வு நிறுத்தமாகக் குறைத்துவிட்டார். முதலில் தண்டித்த அதிகாரி இதை எதிர்த்து அப்பீல் போகப் போவதாகப் பேச்சு. முடியுமா?

– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அவரால் முடியாது. மேலதிகாரியின் உத்தரவு அவரைக் கட்டுப்படுத்தும். ஆனால் மத்திய அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் (சிசிஏ) 29-ஆவது விதிப்படி, அதற்கும் மேலே உள்ள அதிகாரிகள் கோப்பை வரவழைத்துத் திருத்தாய்வு செய்யலாம், தண்டனையைக் கூட்டவும் செய்யலாம். கூட்டுவதற்கு முன் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். நோட்டீஸ் வந்தால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு ஓடாமல், முதலில் கெடுவுக்குள் விரிவான பதில் கொடுங்கள். பின்னாளில் தீர்ப்பாயத்தில் நீங்கள் ஜெயித்தால் அதை எதிர்த்து அரசு உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்சுக்கு (இரு நீதிபதிகள் அமர்வு) போகலாம். 1997-இல் சந்திரகுமார் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து அதுதான் வழி.