ஈறு ஓரத்தில் சொத்தை: சிகரெட்டுக்குப் பங்கு உண்டா?

கேள்வி: எனக்கு 47 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புகைபிடிக்கிறேன். ஏழை நாடுகளைவிடப் பணக்கார நாடுகளில்தான் பெரியவர்களுக்குச் சொத்தைப் பற்கள் அதிகம் என்று படித்தேன். அப்படியென்றால் காரணம் இனிப்புதான், சிகரெட் அல்ல என்று எடுத்துக்கொள்ளலாமா? கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஈறு ஓரமாகப் பழுப்பாக ஒரு பள்ளம் தெரிகிறது. குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது. ஈறில் ரத்தம் வருவதில்லை.

பதில்: அந்தப் பல்லை இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வேர்ப்பகுதியில் விழுந்த சொத்தையாக இருக்கலாம். இப்போது போனால் அடைப்பதோடு முடியும். தள்ளிப்போட்டால் வேர் சிகிச்சை வரை போய்விடும்.

நீங்கள் படித்த கணக்கு பொய்யில்லை. ஆனால் அது எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிய வேண்டும். சொத்தையாக இருக்கும் பல், சொத்தையால் பிடுங்கிய பல், அடைத்த பல் மூன்றையும் கூட்டித்தான் எண்ணுகிறார்கள். ஸ்வீடனில் ஒருவர் ஆறு பற்களை அடைத்துக்கொண்டு அறுபது வயதிலும் நன்றாக மென்று சாப்பிடுகிறார் என்றால், அவர் கணக்கு ஆறு. பல் மருத்துவரே இல்லாத ஊரில் இரண்டு பற்களில் சீழ் கட்டி ஒருவர் துடிக்கிறார் என்றால், அவர் கணக்கு இரண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டாமவர்தான் நலமாக இருக்கிறார்!

சர்க்கரை பற்றி நீங்கள் சொல்வது சரிதான். இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கரை கிடைக்காத ஆண்டுகளில் நார்வேயிலும் ஜப்பானிலும் பிள்ளைகளின் பல் சொத்தை குறைந்தது. பணக்கார நாடுகளுக்கு முதலில் சர்க்கரை வந்தது. ஃப்ளூரைடு பற்பசையும் சிகிச்சை வசதியும் பின்னால் வந்தன. நம்மைப் போன்ற நாடுகளில் இப்போது குளிர்பானமும் பிஸ்கட்டும் எல்லாக் கிராமத்துக்கும் போய்விட்டன, பல் மருத்துவர் போகவில்லை. உலகில் வாய் நோய் உள்ளவர்களில் நான்கில் மூன்று பேர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இதுதான்.

இனி சிகரெட். சர்க்கரையை அமிலமாக்குபவை கிருமிகள். சிகரெட் அந்த வேலையைச் செய்வதில்லை. ஆனால் அமிலத்துக்கு இடம் ஒதுக்கித் தருவது அதுதான். புகைபிடிப்பவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வருகிறது. ஈறு கீழிறங்க, எனாமல் என்ற கடினமான மேலுறை இல்லாத வேர்ப்பரப்பு வெளியே தெரியத் தொடங்குகிறது. அமிலத்தை பிஎச் என்ற அளவால் சொல்வார்கள், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். எனாமல் கரைய வாயின் பிஎச் அளவு 5.5 வாக்கில் இறங்க வேண்டும், வேருக்கு 6.5-ஐ நெருங்கினாலே போதும். டீக்கடையில் சர்க்கரை போட்ட ஒரு டீ, கூடவே ஒரு சிகரெட் என்பது உங்கள் வழக்கமென்றால், நாளுக்குப் பலமுறை அந்த நிலை வரும். ரத்தம் வரவில்லை என்பதை வைத்தும் நிம்மதி அடையாதீர்கள். புகைபிடிப்பவர்களின் ஈறில் ரத்தக் கசிவு குறைந்துவிடுவதால் நோய் முற்றும்வரை வெளியே தெரியாமல் போவதுண்டு.

புகைபிடிப்பவர்களில் பலர் இனிப்பு டீ அதிகம் குடிப்பார்கள், பல் மருத்துவரிடமும் போக மாட்டார்கள். அதனால் சொத்தையில் சிகரெட்டின் தனிப் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் நாடுகளை ஒப்பிடும் கணக்கை வைத்து உங்கள் வாயைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. உங்கள் பல்லில் பள்ளம் விழுந்திருப்பது ஈறு ஓரத்தில், சிகரெட் அமிலத்துக்கு ஒதுக்கித் தரும் இடமும் அதுதான்.

டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். இரவில் ஃப்ளூரைடு பற்பசையால் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டுத் தண்ணீரால் அலசாமல் படுங்கள். சிகரெட்டை விடுவதற்காகப் புகையிலை மெல்லத் தொடங்கிவிடாதீர்கள். அது ஈறையும் கெடுக்கும், வாய்ப் புற்றுநோயையும் கொண்டுவரும். நிகோடின் சூயிங்கம் வாங்குவதானால் சர்க்கரை இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் அழைத்தால் புகையை விட ஆலோசனை தருவார்கள். பல் மருத்துவரிடம் எத்தனை ஆண்டுகளாகப் புகைபிடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, எல்லாப் பற்களிலும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் ஆழத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.