தம்பி ஸ்வெட்டருக்கு எத்தனை கண்ணி?

கேள்வி: லடாக்கின் லே நகரில் ராணுவத்தில் இருக்கும் தம்பிக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன். பேட்டர்ன் 36 அங்குல மார்புக்குத்தான் இருக்கிறது, அவனுக்கு 40. என் நூலும் அதில் சொன்னதைவிடத் தடிமன். எப்படி மாற்றுவது?
- வாசகி, மண்டபம்

பதில்: பேட்டர்னில் உள்ள கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், வடிவம் மட்டும் போதும். உங்கள் நூலில், உங்கள் ஊசியில் 6 அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, அலசிக் காயவைத்து, நடுவில் 4 அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 18 வந்தால் அங்குலத்துக்கு நாலரை. தம்பி உள்ளே கனமாக ஏதாவது போடுவார், அதனால் 40உடன் 4 கூட்டி 44. முன்பக்கம் 22, அதை நாலரையால் பெருக்கினால் 99, ஓரத் தையலுக்கு 2 சேர்த்தால் 101. ஆனால் கீழே இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு எதிர்க்கண்ணி என்று ரிப் (இழுத்தால் விரியும் ஓரப் பட்டை) போடுவதானால் நான்கின் மடங்கோடு 2 வர வேண்டும், எனவே 102 போடுங்கள்.

கழுத்தை மட்டும் இதே விகிதத்தில் பெரிதாக்க வேண்டாம், பலரும் சறுக்கும் இடம் இதுதான். மார்பு அகன்ற அளவுக்குக் கழுத்து அகலாது. அவர் வீட்டில் விட்டுப்போன சட்டை இருக்குமே, தோளையும் கை நீளத்தையும் அதில் அளந்துகொள்ளுங்கள். அக்குள் வரையிலான உயரத்துக்கு வரிசைக் கணக்கு உதவாது, டேப் வைத்தே பாருங்கள்.

அப்புறம், உங்கள் கடற்கரைப் புழுக்கத்தில் கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டும், பின்னல் இறுகும். சதுரத்தை விடியற்காலையில் பின்னினால் ஸ்வெட்டரையும் அந்த நேரத்திலேயே பின்னுங்கள். நூலை ஒரே சாய எண்ணில் (ஒரே தடவையில் சாயம் போட்டதைக் காட்டும் எண், லேபிளில் இருக்கும்) கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிவிடுங்கள், பாதியில் தீர்ந்தால் அதே நிறத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.