புது வீட்டுக்கு எந்த டிரெண்ட் ஒத்துவரும்? மதுரை வெயிலையும் தண்ணீரையும் வைத்து ஒரு பதில்

கேள்வி: நாகமலை புதுக்கோட்டையில் 1,150 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்டியிருக்கிறோம். மேற்குப் பார்த்த வீடு. பூச்சு வேலை முடிந்துவிட்டது. தரையும் பெயிண்டும் பாக்கி. தை மாதம் கிரகப்பிரவேசம். இன்டீரியருக்கு 6 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங், டிவி சுவரில் யுவி மார்பிள் ஷீட்டும் சார்கோல் பேனலும், அக்ரிலிக் ஃபினிஷில் மாடுலர் கிச்சன், வீடு முழுக்கச் சாம்பல்-வெள்ளை என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. என் மாமியார் ஹாலில் ஆத்தங்குடி கல் போடச் சொல்கிறார். அது பழைய மாடல், பின்னால் விற்க நேர்ந்தால் விலை போகாது என்கிறார் கணவர். இப்போது எதுதான் டிரெண்ட்? பத்து வருடம் கழித்தும் வருத்தப்படாமல் இருக்க எதைச் செய்யலாம்?

பதில்: உங்கள் மாமியார் கேட்பதுதான் இன்றைய டிரெண்ட். கொட்டேஷனில் இருப்பது சில வருடங்களுக்கு முன் உச்சத்தில் இருந்தது. பளபளப்பும் சாம்பலும் மெல்லப் பின்வாங்கி, மண் நிறம், பிரம்பு, மரம், சுண்ணாம்புப் பூச்சு போன்ற சுவர், கையால் செய்த ஓடு, சுட்ட மண் ஜாலி இவையெல்லாம் முன்னுக்கு வந்திருக்கின்றன. ஆனால் டிரெண்ட் என்ற ஒரே காரணத்துக்காக நான் எதையும் சொல்ல மாட்டேன். நிறங்களுக்குப் பேர்போன பான்டோன் நிறுவனம் ஆண்டுக்கு ஒரு நிறத்தை அறிவிக்கிறது. 2023-க்கு மஜந்தா, 2024-க்கு வெளிர் பீச், 2025-க்கு மோக்கா மூஸ் என்ற காபிப் பழுப்பு, 2026-க்கு கிளவுட் டான்சர் என்ற வெள்ளை. நிறம் இந்த வேகத்தில் மாறுகிறது. நீங்கள் ஒட்டுகிற லாமினேட்டோ பத்து, பதினைந்து வருடம் சுவரோடு இருக்கப்போகிறது. ஆகவே ஒட்டுகிற வேலையைக் குறைத்து, மாட்டிக் கழற்றுகிற வேலையைக் கூட்டுங்கள். கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இந்தக் கண்ணோடு பாருங்கள்.

முதலில் மொட்டை மாடி. இன்டீரியர் கேட்டால் மாடியைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு மேல்தளம் இல்லை. சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, கான்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் கக்கும். பத்து மணிக்கு ஃபேனைப் போட்டாலும் அனல்தான் இறங்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டால் சூடு குறையும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஜிப்சம் போர்டுக்கும் கூரைக்கும் நடுவில் நிற்கும் காற்று ஓரளவு தடுக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் கூரை சூட்டைக் குடிப்பது நிற்காது. அதை வெளியிலேயே தடுக்க வேண்டும். தளம் போட்டபின் மேலே செங்கல் ஜல்லி சுண்ணாம்பும் தட்டோடும் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் அதையோ, வெள்ளை கூலிங் டைலையோ முதலில் முடியுங்கள். தட்டோடு ஏற்கெனவே இருந்தால் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயிண்ட் போதும். அதைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். எது செய்தாலும், தண்ணீர் ஓட வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு மழையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மேற்குச் சன்னல்களுக்கும் இதே கணக்கு. உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வீட்டுக்குள்தான் இருக்கும். வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் இன்னும் நல்லது. சன்னலுக்கு மேல் சன்ஷேட் சின்னதாக இருந்தால் இப்போதே நீட்டலாம். பிரம்பு, மூங்கில் தட்டிகளை இன்றைய டிசைனர்கள் விரும்பிக் காட்டுகிறார்கள் என்பதால் அழகுக்கும் குறைவில்லை.

ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. பத்தடி உயரக் கூரையில் ஆறு முதல் எட்டு அங்குலம் அதற்கே போய்விடும். ஃபேனை அதற்கும் கீழே இறக்க வேண்டும். ஓரத்தில் விளக்கை ஒளித்துவைக்கும் அந்தப் பள்ளத்தில் ஒட்டடையும் தூசியும் சேரும்; ஏணி போட்டு ஏறினால்தான் துடைக்க முடியும். கூரையில் கசிவு இருந்தால் ஜிப்சம் ஊறிக் கறை காட்டும்வரை உங்களுக்குத் தெரியவே தெரியாது. டிவி பக்கம் ஓரமாக ஒரு பட்டை மட்டும் போடுங்கள், அல்லது அதுவும் இல்லாமல் சுவர் விளக்குகளுக்கு பாயின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முடிவைப் பட்டி பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பின்னால் என்றால் சுவரைக் கொத்த வேண்டியதுதான்.

யுவி மார்பிள் ஷீட், சார்கோல் பேனல் இரண்டையும் கொட்டேஷனிலிருந்து அடித்துவிடுங்கள். புதுப் பூச்சு காய நாளாகும். தை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால் இந்த ஒட்டு வேலை ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் நடக்கும். ஈரச் சுவரில் ஷீட்டை ஒட்டினால் பின்னால் பூஞ்சை பிடிக்கும், மூட்டுகள் எழும்பும். இரண்டும் பிளாஸ்டிக் வகைதான், பிளாஸ்டிக்கைக் கரையான் தின்னாது. ஆனால் பேனலுக்குப் பின்னால் அடிக்கும் மரச் சட்டத்தைத் தின்னும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். டிவி சுவருக்குத் தேக்கிலோ நல்ல பிளைவுட்டிலோ தாழ்வான ஒரு யூனிட் போதும். வயர்களைச் சுவருக்குள் பைப்பில் விட்டுவிட்டால் அந்த இடம் தானாகவே துப்புரவாகத் தெரியும்.

இனி ஆத்தங்குடி. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் அது. இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, நிறக் கலவையைக் கையால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் அந்த வழவழப்பு. நடக்க நடக்க மெருகு ஏறும். வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. ஹாலுக்கு இதைவிட நல்ல தரை நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். விட்ரிஃபைட் டைலைவிட இது தடிமன்; கீழே கலவைப் படுக்கையும் வேண்டும். ஹாலில் ஆத்தங்குடியும் அறைகளில் விட்ரிஃபைடும் என்றால் வாசற்படியில் தரை மட்டம் ஏறி இறங்கும். கொத்தனாரிடம் இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி மட்டத்தை முதலிலேயே குறித்துவிடுங்கள். பதிக்கும்போது இடைவெளி விடாமல் நெருக்கிப் பதிக்க வேண்டும். ஸ்பேசர் போட்டுப் பழகிய கையால் அது வராது. ஆத்தங்குடி பதித்துப் பழகியவரையே கூப்பிடுங்கள். கல் செய்கிற இடத்திலேயே ஆள் சொல்வார்கள். பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்கிப் பத்திரமாக வையுங்கள். கையால் கலக்கும் நிறம் என்பதால் பிறகு வாங்கினால் அச்சு ஒத்தாலும் நிறம் ஒத்துவராது.

முக்கியமான எச்சரிக்கை: இது சிமென்ட் கல், ஆசிட் ஆகாது. பாத்ரூமுக்கு ஊற்றும் ஆசிட்டை வேலையாட்கள் பழக்கத்தில் ஹாலிலும் ஊற்றிவிடுவார்கள். கல் ஒரே நாளில் வெளுத்துவிடும். எலுமிச்சை, புளி, மஞ்சள், எண்ணெய் சிந்தினால் கறை நிற்கும் என்பதால் அடுக்களையில் இதைப் போடாதீர்கள். துடைக்கும் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது செட்டிநாட்டில் பழைய வழக்கம்; அளவு மிஞ்சினால் வழுக்கும். ஹால் முழுக்க அதிக வேலைப்பாடுள்ள கல்லைப் போட்டால் நடுத்தர அளவு வீட்டில் கண் ஓய்வெடுக்க இடமில்லாமல் போகும். ஓரத்தில் பார்டர், நடுவில் ஒற்றை நிறம் அல்லது இரண்டு நிறக் கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒன்று சொல்லுங்கள். 'டிராபிகல் மாடர்ன்' என்ற பெயரில் இன்று கைபேசியில் சுற்றும் வீடுகளுக்கு வழிகாட்டிகளில் முதன்மையானவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. அவர் 1970-களில் நம் ஊரிலேயே மதுரை கிளப் கட்டடத்தை வடிவமைத்தார். அகலமான தாழ்வாரம், ஓடு, கல், பழைய மரம் என்று அவர் கையாண்டவை எல்லாம் நம் தாத்தா பாட்டி வீடுகளில் இருந்தவைதான். வீடு வாங்க வருகிறவர் பழசு என்று ஒதுக்குவது ஆத்தங்குடித் தரையை அல்ல; ஓரம் பெயர்ந்து நிற்கும் பேனலைத்தான்.

நிறத்துக்கு வருவோம். சாம்பல் நிறம் நம் வீடுகளில் சோர்ந்து தெரிவதற்குப் பாதிக் காரணம் விளக்கு. பல்பு டப்பாவில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 4000 நடுத்தரம், 3000 மஞ்சள் வெளிச்சம். 6500 வெளிச்சத்தில் சாம்பல் சுவர் பிணக்களை தட்டும். அதே வெளிச்சம் ஆத்தங்குடியின் சிவப்பையும் மரத்தின் பழுப்பையும் வெளுக்க வைக்கும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000, அடுக்களைக்கும் படிக்கும் மேஜைக்கும் 4000 வாங்குங்கள். ஒரே அறையில் இரண்டையும் கலக்காதீர்கள். நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவு சிஆர்ஐ; டப்பாவில் அது 90 என்று இருந்தால் நல்லது. சாம்பாரின் நிறமும் பட்டுச் சேலையின் நிறமும் உள்ளபடி தெரியும்.

மேற்கு வீட்டுக்கு இன்னொரு கணக்கு உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வெயில் சாய்வாக உள்ளே வந்து எதிர்ச் சுவரில் விழும். அந்தச் சுவருக்குக் கிரீமோ மஞ்சளோ அடித்தால் அந்த நேரத்தில் ஆரஞ்சாக எரியும். அதை மஞ்சள் சாயல் இல்லாத வெள்ளையாக விடுங்கள். டெரகோட்டா, பழுப்பு ஆசை இருந்தால் பக்கச் சுவர் ஒன்றுக்கு அடியுங்கள். வாங்குமுன் இரண்டடிக்கு இரண்டடி சாம்பிள் அடித்து, காலை, சாயங்காலம், விளக்கு போட்டபின் என மூன்று வேளையும் பாருங்கள். நிற அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் போன்ற லைம்வாஷ் வேண்டுமென்றால் பட்டி பார்ப்பதற்கு முன்பே பெயிண்டரிடம் சொல்ல வேண்டும். அசல் சுண்ணாம்பு, வெறும் பூச்சுச் சுவரில் பிடிக்கும், எமல்ஷன் அடித்த சுவரில் உரிந்துவிடும்.

அடுக்களையில்தான் உங்கள் பணத்தின் பெரும்பகுதி போக வேண்டும். அக்ரிலிக் பளபளப்பு கடையில் நன்றாக இருக்கும். தாளிப்பு எண்ணெயும் விரல் தடமும் பட்டபின் தினமும் துடைக்க வேண்டும், துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். மேட் லாமினேட் போடுங்கள். கறுப்புக் குழாய், கறுப்பு சிங்க் இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் தவிர்த்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படிவு தெரியும். அதைத் தேய்த்தெடுக்கப் போய் மேல்பூச்சு போகும். சாதாரண ஸ்டீல் சிங்க், குரோம் குழாய் போதும். மேடைக்கு கிரானைட்டே நல்லது. சூடான குக்கரை அப்படியே வைக்கலாம். மேலூர்ப் பக்கத்துக் கல் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மேடை உயரத்தை யார் அதிகம் சமைக்கிறாரோ அவர் முழங்கையிலிருந்து நாலு அங்குலம் கீழே வையுங்கள். கிரைண்டருக்கு மட்டும் அதைவிடத் தாழ்வாக ஓர் இடம் ஒதுக்குங்கள், தூக்கி இறக்கும் வலி குறையும்.

கொட்டேஷனில் 'பிளைவுட்' என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தியத் தர எண்ணையும் சேர்த்து, அடுக்களைக்கு ஐஎஸ் 710 என்ற மரைன் தரம், அலமாரிகளுக்கு ஐஎஸ் 303-இல் பிடபிள்யூஆர் (கொதிநீரைத் தாங்கும்) தரம் என்று எழுதி வாங்குங்கள். முத்திரை பலகையின் மேல்தான் இருக்கும். லாமினேட் ஒட்டிவிட்டால் மறைந்துவிடும். அதனால் பலகை வந்து இறங்கும் அன்று நீங்களோ கணவரோ போய் முத்திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரியக் கூடாது. வெட்டிய துண்டு ஒன்றை வாங்கி வந்து கொதிக்கும் தண்ணீரில் சில மணி நேரம் போட்டுப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் மரைன் இல்லை. சிங்கின் அடியில் மட்டும் மல்டிவுட் என்ற பிவிசி பலகை, கீல்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

அலங்காரத்துக்குத் தூரம் போக வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியை மெத்தை உறைக்கும் திவான் விரிப்புக்கும் பயன்படுத்துங்கள். மேற்குச் சன்னலில் திரையாகத் தொங்கவிட்டால் சாயம் வெளுக்கும். மானாமதுரை மண் பானைகள் வாசலுக்கு அழகு. திருவிழாக் கூட்டத்தில் பத்துப் பொருள் வாங்குவதைவிட நல்ல பெரிய பானை ஒன்று ஹாலை நிறைக்கும்.

6 லட்சத்தை நான் பிரித்தால் மாடிக்கும் சன்னல் தட்டிக்கும் 1 லட்சம், அடுக்களைக்கு 2, இரண்டு படுக்கையறை அலமாரிகளுக்கு 1.5, விளக்கு, ஃபேன், சுவர் பாயின்ட்டுகளுக்கு 50 ஆயிரம், டிவி யூனிட்டும் துணிமணியும் 50 ஆயிரம். மீதி 50 ஆயிரத்தைத் தொடாதீர்கள். குடிபோன பின்தான் எங்கே செருப்பு அலமாரி வேண்டும், எங்கே விளக்கு போதவில்லை என்று தெரியும். ஆத்தங்குடிக்கான செலவு வீட்டுக் கட்டுமானக் கணக்கில் உள்ள தரைப் பணத்திலிருந்து வரட்டும். ஒப்பந்தத்தில் பத்தில் ஒரு பங்குப் பணத்தை, எல்லாக் கதவும் சரியாக மூடித் திறக்கிறதா என்று பார்த்து ஒரு மாதம் கழித்துத் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். ஆத்தங்குடி பதித்து முடித்தபின் தச்சு வேலை தொடங்குவதாக இருந்தால், தரைமேல் கனமான சாக்கும் அட்டையும் விரிப்பது அவர்கள் பொறுப்பு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.