ஏவுகணைகளின் எண்ணிக்கையில் சோவியத் அமெரிக்காவை முந்துகிறது என்று கென்னடி சொன்ன ‘ஏவுகணை இடைவெளி’ பொய் என்றால், 1960 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது அப்போதைய அதிபர் ஐசன்ஹோவர் ஏன் அதை உடைக்கவில்லை?

உடைத்திருந்தால், அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் 1956 முதல் சோவியத் வானில் திருட்டுத்தனமாகப் பறந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 1960 மே 1 அன்று ஸ்வெர்ட்லோவ்ஸ்க் அருகே அது சுட்டு வீழ்த்தப்பட்டு ரகசியம் வெளியான பிறகும் சிக்கல் தீரவில்லை. அதுவரை போனது சுமார் 24 முறைதான். பார்த்த இடங்களில் ஏவுகணை இல்லை என்று சொல்லலாம், பார்க்காத இடங்களில்?

கணக்கு பிசகியதே அங்கேதான். 1957 அக்டோபரில் சோவியத்தின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்ததும், சோவியத் ஆலைகளால் எத்தனை ஏவுகணை செய்ய முடியும் என்று மதிப்பிட்டார்கள். அந்த எண்ணே நாளடைவில் ‘செய்யப்போகிறார்கள்’ என்று ஆகிவிட்டது. சோவியத் தலைவர் குருசேவின் வீறாப்புப் பேச்சும் அதற்குத் தூபம் போட்டது. அமெரிக்க விமானப்படை சொன்ன எண்தான் மிகப் பெரியது. தரைப்படையும் கடற்படையும் குறைவாகவே சொல்லின. நிதி ஒதுக்கீட்டில் யாருக்கு லாபம் என்று பார்த்தால் காரணம் விளங்கும். முன்பு விமானப்படைச் செயலராக இருந்த செனட்டர் சைமிங்டன் இதை ஓயாமல் பேசினார். கென்னடி தேர்தல் மேடைக்குக் கொண்டுபோனார். அவர் ஜெயித்தது சுமார் 1,12,000 வாக்கு வித்தியாசத்தில்.

உண்மையில் சோவியத்தின் முதல் கண்டம் தாண்டும் ஏவுகணையான ஆர்-7 போருக்கு லாயக்கில்லாத ராக்கெட். எரிபொருள் நிரப்பவே மணிக்கணக்கில் ஆகும். திரவ ஆக்சிஜன் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் நிரப்பி வைத்துக் காத்திருக்கவும் முடியாது. அதை ரயிலில்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் உளவுப் படங்களை ஆராய்ந்த அமெரிக்கர்கள் தண்டவாளம் போகும் வழியெல்லாம் தேடினார்கள். வட ரஷ்யாவின் பிளெசெட்ஸ்கில் நான்கு ஏவுதளங்களோடு சோவியத் நிறுத்திக்கொண்டது.

அடுத்து சோவியத் நம்பியிருந்த ஆர்-16 ஏவுகணை, 1960 அக்டோபர் 24 அன்று, அமெரிக்க வாக்குப்பதிவுக்கு 15 நாள் முன், பைக்கனூர் ஏவுதளத்திலேயே வெடித்தது. எரிபொருள் நிரம்பிய ராக்கெட்டைச் சுற்றி நின்று அவசர அவசரமாகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் அடுக்கு எஞ்சின் பற்றிக்கொண்டது. ராக்கெட் படைத் தளபதி நெதெலினே கருகிப்போனார். வெளியே விமான விபத்து என்று அறிவித்தார்கள்.

அதற்கு முன்பே, அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் அனுப்பிய படச்சுருளை, பசிபிக் கடலுக்கு மேல் பாராசூட்டில் இறங்கும்போதே விமானம் கொக்கி போட்டுப் பிடித்தது. யு-2 பறந்த காலம் முழுவதும் எடுத்ததைவிட அந்த ஒரு சுருளில் அதிகப் பரப்பு பதிவாகியிருந்தது. ஆனால் அதுவும் பரம ரகசியம். 1961 செப்டம்பர் மதிப்பீட்டில் சோவியத்தின் கண்டம் தாண்டும் ஏவுகணைகளுக்கான ஏவுமேடைகள் 10 முதல் 25 என்று சுருங்கின.

கென்னடி முதலில் நம்பித்தான் பேசினார் என்பது என் கருத்து. பதவிக்கு வந்த பிறகு அவர் நடந்துகொண்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1961 பிப்ரவரியில் அவருடைய பாதுகாப்புச் செயலர் மக்னமாராவே இடைவெளி இல்லை என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார். வெள்ளை மாளிகை அதை மழுப்பியது. அக்டோபர் 21 அன்று துணைச் செயலர் கில்பாட்ரிக்கை வைத்து அமெரிக்கா வெகுதூரம் முன்னால் இருப்பதாகப் பகிரங்கமாக அறிவித்தார்கள். குருசேவின் சாயம் வெளுத்தது. அவரிடம் ஏராளமாக இருந்தவை நடுத்தர தூர ஏவுகணைகள். அவை அமெரிக்காவை எட்ட வேண்டுமானால் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும். 1962-இல் அவற்றைக் கியூபாவுக்கு அனுப்பினார்.